ஆல்டர்னேட்டர் கடைசியில் வரட்டும்

பழைய அம்பாசடரின் ஒயரிங்கைப் புதுப்பிக்க நினைக்கிறவர்கள் முதலில் வாங்கி வைப்பது ஆல்டர்னேட்டரைத்தான். என் கணக்கில் அது கடைசியாக வாங்க வேண்டிய சாமான். ஹெட்லைட் மங்கினாலும் ஹாரன் முனகினாலும் டைனமோ மீது பழி போடுவது சுலபம். என்ஜினை அணைத்து, நல்ல பேட்டரியில் லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் குற்றவாளி வேறு இடத்தில் சிக்குவான். 60 வாட் பல்பு இரண்டுக்கும் சேர்த்து ஓடுவது சுமார் 10 ஆம்பியர். 1.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், நாலு மீட்டர் நீளத்துக்கு அதில் அரை வோல்ட்தான் விழுங்கும். ஆனால் பேட்டரி முனைக்கும் பல்பு முனைக்கும் நடுவே மீட்டர் ஒன்றரை வோல்ட் காட்டினால், மிச்சத்தைத் தின்றது டிப்பர் சுவிட்சும், பச்சைக் களிம்பு பூத்த புல்லட் கனெக்டர்களும்தான். வோல்ட் பத்து சதவீதம் குறைந்தாலே பல்பின் வெளிச்சம் ஏறக்குறைய முப்பது சதவீதம் விழுந்துவிடும். ஆகவே ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டு, பேட்டரியிலிருந்து நேராக மின்சாரம் கொடுப்பதுதான் முதல் வேலை. பழைய சுவிட்ச் ரிலேயை மட்டும் தூண்டட்டும்.

அடுத்தது எர்த். போகிற மின்சாரத்தைப் பற்றிக் கவலைப்படுகிற அளவுக்குத் திரும்பி வருகிற வழியை யாரும் பார்ப்பதில்லை. பெயிண்ட் அடித்த தகட்டின் மேல் முடுக்கிய ஸ்க்ரூ எர்த் ஆகாது. பெயிண்டைச் சுரண்டி, வெறும் இரும்பு தெரிந்த பிறகுதான் லக்கை முடுக்க வேண்டும். என்ஜின் ரப்பர் மவுண்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. அதையும் பாடியையும் இணைக்கும் பின்னல் பட்டை அறுந்தால், செல்ஃப் அடிக்கும்போது அத்தனை ஆம்பியரும் சோக் கேபிள் வழியாகத் திரும்பப் பார்க்கும். செல்ஃப் அடித்ததும் கேபிள் கையைச் சுட்டால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

இதையெல்லாம் விட்டுவிட்டு ஆல்டர்னேட்டரை மட்டும் மாட்டுவது ஏன் ஆபத்து? அந்தக் காலத்து பிரிட்டிஷ் வம்சத்து வண்டிகளில் பரவலாக இருந்த லூகாஸ் சி40 டைனமோ உச்சத்தில் கொடுப்பது 22 ஆம்பியர். கட்-அவுட், ஆம்மீட்டர், பிரவுன் ஒயர் எல்லாம் அந்த அளவுக்குப் பார்த்துப் போட்டவை. அதே வழியில், பேட்டரி இறங்கிக் கிடக்கும் நாளில் 45 ஆம்பியரை அனுப்பினால் டேஷ்போர்டுக்குப் பின்னால் அடுப்பு மூட்டுவதுபோல்தான். ஆல்டர்னேட்டரின் ஒயர் தடிமனாக, தனி ஃபியூசுடன் நேராக பேட்டரிக்குப் போக வேண்டும். ஆம்மீட்டர் இருந்த இடத்தில் வோல்ட்மீட்டர் போதும். ஃபியூஸ் காப்பது ஒயரை, பல்பை அல்ல. பழைய பெட்டியில் இருப்பது இரண்டே ஃபியூஸ். ஹெட்லைட் பெரும்பாலும் அவற்றில் சேராது. இன்னொரு சிக்கலும் உண்டு: லூகாஸ் கண்ணாடி ஃபியூசில் 35 என்று போட்டிருந்தால் அது உருகும் அளவு, தொடர்ந்து தாங்குவது 17தான். கடையில் வெறுமனே 35 என்று கேட்டு வாங்கினால், ஃபியூசுக்கு முன்னால் ஒயர் உருகும்.

“கம்பெனி போட்டது அம்பது வருஷம் ஓடிச்சே” என்பார்கள். ஓடியது உண்மை. ஆனால் அன்று ஹாலஜன் இல்லை, மியூசிக் சிஸ்டம் இல்லை, போன் சார்ஜர் இல்லை. காப்புறையும் இன்றுபோல் வளைத்தால் நொறுங்கவில்லை. பழமை கெட்டுவிடும் என்கிற ஆட்சேபத்துக்கு நான் மதிப்புக் கொடுப்பேன். ரிலேக்களைக் கண்ணில் படாமல் வைக்கலாம், கட்-அவுட் பெட்டியின் மூடிக்குள் புது இணைப்புகளை ஒளிக்கலாம். பிரவுன் பேட்டரிக்கு, வெள்ளை இக்னிஷனுக்கு, கறுப்பு எர்த்துக்கு என்ற பழைய நிறக் கணக்கை மட்டும் மாற்றக் கூடாது. அடுத்து கை வைக்கிற எலெக்ட்ரீசியன் அதை நம்பித்தான் வேலை செய்வார்.

இவ்வளவும் முடிந்த பிறகு, பகலில் மட்டும் எடுக்கிற வண்டிக்கு டைனமோவே போதும். இரவு மழையில், சிக்னலுக்கு சிக்னல் நின்று, வைப்பரும் லைட்டும் ஓடுகிற வண்டி என்றால் கதை வேறு. ஐட்லிங்கில் டைனமோ சார்ஜ் செய்யாது. அங்கே ஆல்டர்னேட்டர் வேண்டியதுதான். அதை மாட்டும்போது பாசிட்டிவ் எர்த் வண்டியை நெகட்டிவ் எர்த்துக்கு மாற்றி, காயிலின் இரண்டு முனை ஒயர்களையும் இடம் மாற்ற வேண்டும். சார்ஜிங் விளக்கில் 2.2 வாட் இழைப் பல்பையே வையுங்கள். எல்இடி போட்டால், முதல் தூண்டலுக்கு வேண்டிய மின்சாரம் கிடைக்காமல் ஆல்டர்னேட்டர் உறங்கிக்கொண்டே இருக்கும்.