மழை நனைத்த சரக்கு
(வியாபாரச் சகோதரர்களுக்கு ஒரு பாடம்)



குளிர் நாடுகளில் கடும்பனி விழுந்து வீட்டு வாசலையே மூடிவிடும். அங்குள்ளோர் பனிக்காலம் வருமுன்பே உணவையும் எரிபொருளையும் வீட்டில் சேர்த்து வைத்துக்கொள்வார்கள். நம் காம்பாரில் பனி கிடையாது. நமக்கு வரும் சோதனை மழையும் வெள்ளமுமாகும்.

கிழக்குக் கரையோர மாநிலங்களில் பருவமழை நாட்கணக்கில் பெய்து ஆறு மெல்ல ஏறும். நமது பக்கம் அப்படியன்று. ஏப்ரலிலும், அதைவிட அதிகமாக அக்டோபர், நவம்பரிலும், பெரும்பாலும் அஸருக்குப் பிறகு இடியோடு கொட்டும். புஜாங் மலாக்கா மலைச்சரிவின் தண்ணீரெல்லாம் கீழே நம்மை நோக்கித்தான் இறங்கும். ஈயச் சுரங்கக் காலத்து மணல் கிந்தாப் பள்ளத்தாக்கின் ஆறுகளை மேடாக்கிய வரலாறும் உண்டு. 1926 டிசம்பர் பெருவெள்ளம் பேராக்கையும் விடவில்லை. 2014 டிசம்பரில் கோலகங்சார் பகுதி மூழ்கியது. ஆகவே வெள்ளத்திற்கு முன், வெள்ளத்தின்போது, வெள்ளத்திற்குப் பின் என்று மூன்று பாகமாக இதைப் படிப்போம்.

வெள்ளத்திற்கு முன்

யூசுபு நபி (அலை) அவர்கள் செழிப்பான ஏழு ஆண்டுகளின் விளைச்சலைக் கதிரோடு சேமிக்கச் செய்து, பின்வந்த பஞ்சத்தில் மக்களைக் காத்த வரலாறு நாம் ஓதி அறிந்ததே. முன்னேற்பாடு செய்வது தவக்குலுக்கு விரோதமல்ல என்பதற்கு இதுவே போதுமான சான்று.

அரிசி, மாவு, சர்க்கரை, உப்பு ஆகியவற்றைத் தரையில் அடுக்கக்கூடாது. பலகைத் தட்டின்மேல், சுவரை ஒட்டாமல் அடுக்க வேண்டும். மழை மாதங்களில் இவற்றை இன்னும் உயரத்திற்கு ஏற்றிவிட்டு, கீழ்த்தட்டில் மண்வெட்டி, வாளி போன்ற கழுவி எடுக்கக்கூடிய சாமான்களை வையுங்கள். கணக்குப் பேரேடு, லைசென்சு, கடன் புத்தகம் ஆகியவை பிளாஸ்டிக் உறையில் மாடியில் இருக்கட்டும். கடை முன் ஐந்தடியை ஒட்டிய சாக்கடையில் அட்டையும் குப்பையும் அடையாமல் பார்ப்பது நம் பொறுப்பே. தீக்காப்புறுதி எடுத்தவர்கள் அதில் வெள்ளமும் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். தனியாகச் சேர்த்தாலன்றி வெள்ள நஷ்டம் அதில் அடங்காது.

வெள்ளத்தின்போது

குளிரும் மழையுமான இரவுகளில், உங்கள் இருப்பிடங்களிலேயே தொழுதுகொள்ளுங்கள் என்று அறிவிக்கும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் முஅத்தினுக்குக் கட்டளையிட்டதாக இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீது புகாரியில் இருக்கிறது. ஜமாஅத்துத் தொழுகைக்கே இந்தச் சலுகை என்றால், சரக்கைக் காப்பாற்ற உயிரைப் பணயம் வைப்பது எப்படித் தகும்?

தண்ணீர் வாசலைத் தொடும் முன்பே மெயின் சுவிட்சை அணையுங்கள். நனைந்த கையாலோ, தண்ணீரில் நின்றபடியோ அதைத் தொடாதீர்கள். வேகமாக ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும். ஓரடி இருந்தால் சிறிய காரையும் மிதக்க வைக்கும். 2021 டிசம்பர் 18 சனிக்கிழமை, ஷா ஆலம் ஸ்ரீ மூடா குடியிருப்பில் மக்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்து நின்றார்கள். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆகையால் வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விடுத்தால் கல்லாவை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டாம். முதலில் பெண்கள், பிள்ளைகள், முதியோர், கடைச் சிப்பந்திகள் ஆகியோரை மேட்டுக்கு அனுப்பிவிடுங்கள்.

வெள்ளத்திற்குப் பின்

சகோதரர்களே, பாடத்தின் முக்கியமான பாகம் இதுதான். தண்ணீர் வடிந்தபின் அரிசி மூட்டையின் அடிப்பாகம் நனைந்திருக்கும், மேல்பாகம் காய்ந்திருக்கும். வெயிலில் உலர்த்தி நல்ல அரிசியோடு கலந்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்று ஷைத்தான் காதில் ஓதுவான்.

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்டது. இது என்ன என்று வியாபாரியைக் கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுகிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. மழையை அனுப்பியவன் அல்லாஹ். அதில் வியாபாரியின் குற்றம் ஒன்றுமில்லை. ஈரத்தை அடியில் மறைத்ததுதான் குற்றம்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்தத் தானியத்தை நனைத்தது மழைநீர். நம் கடைக்குள் புகுவதோ சாக்கடையும் மலக்குழியும் கலந்த வெள்ளம். அது பட்ட அரிசி, மாவு, பருப்பு, மசாலா எதையும் சொல்லிவிட்டுக்கூட விற்க வழியில்லை. மனிதர் உண்ணத் தகாத உணவை விற்பது 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டப்படியும் குற்றம்.

ஈரத் தானியத்தில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற நஞ்சு உண்டாகலாம். வெயிலில் காய்ந்தாலும், அடுப்பில் வெந்தாலும் அது அழியாது. 1988 அக்டோபரில் நமது பேராக்கில் 13 சீனக் குழந்தைகள் இறந்தனர். அவர்கள் உண்டது லோ ஷீ ஃபன் என்னும் அரிசி மீ. அது காம்பாரிலிருந்த ஒரு தொழிற்சாலையிலிருந்து வேனில் ஊர் ஊராகச் சென்றது என்றும், காரணம் அஃப்ளாடாக்சின் என்றும் ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். கெட்டதைக் கோழிக்குப் போடலாம் என்பதும் சரியல்ல. 1960இல் இங்கிலாந்தில் லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் இதே நஞ்சு கலந்த கடலைப் பிண்ணாக்கைத் தின்று மாண்டன.

ஆகையால் நனைந்த சரக்கைப் படம் பிடித்து, கணக்கெழுதி, காப்புறுதிக்காரர் பார்த்தபின் அப்புறப்படுத்துங்கள். உப்பிய, துருப்பிடித்த, நசுங்கிய டின்களையும் எறிந்துவிடுங்கள். வெள்ளம் படாமல், கூரை ஒழுகி வெளி அட்டை மட்டும் நனைந்த சோப்பு போன்றவற்றை முன்வரிசையில் வைத்து, காரணத்தைச் சொல்லி, விலையைக் குறைத்து விற்கலாம். கடையைக் கழுவும்போது பூட்ஸும் கையுறையும் அணிவது அவசியம். எலியின் சிறுநீர் கலந்த தண்ணீர் புண்ணில் பட்டால் எலிக்காய்ச்சல் வரும்.

நம்மிடம் வாங்குகிறவர்களில் முஸ்லிமும் உண்டு, மற்றவரும் உண்டு. மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே, நம் வார்த்தையை நம்பி அரிசி கொண்டுபோகிறார்கள். அந்த நம்பிக்கையும் நம்மிடம் இருக்கும் ஓர் அமானிதம். மழை நனைத்த சரக்கு போனால் போகட்டும். அதற்கு ஈடு தர ரஹ்மான் போதுமானவன். நம் கைகளையும் கல்லாவையும் ஹராமை விட்டு அவன் காப்பானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.