உப்பிலிருந்து தொடங்கும் படிப்பு

நுழையும்முன்

மேல்நிலைக் கல்வியை முடிக்கும் மாணவர், கல்லூரியில் பயிலவிருக்கும் முதன்மைப்பாடத்தைப் பலரிடம் கேட்டறிந்து தேர்ந்தெடுக்கின்றனர். உடன் பயிலும் துணைப்பாடத்தைப் பற்றி அவ்வளவாக எண்ணுவதில்லை. அவ்வாறு கவனம் பெறாத துணைப்பாடங்களுள் ஒன்று பொதுக்கொள்கை. அதன் இயல்பை, நாள்தோறும் நாம் உண்ணும் உப்பின் வரலாற்றைக் கொண்டு விளக்குகிறது இப்பாடம்.

•

மக்களின் துன்பம் ஒன்றை அரசு தன் பொறுப்பாக ஏற்றுக்கொள்கிறது. அதைத் தீர்க்கும் வழிகள் பலவற்றுள் ஒன்றைத் தெரிந்தெடுக்கிறது. அதற்குப் பணமும் ஆளும் ஒதுக்குகிறது; சட்டமோ ஆணையோ பிறப்பிக்கிறது. அந்த ஆணை கடைக்கோடி வீடு வரை சென்று சேர்ந்ததா, சேர்ந்தபின் துன்பம் குறைந்ததா என்று அளந்தும் பார்க்கிறது. இந்த நெடிய வழியின் ஒவ்வொரு படியையும் ஆராய்வதே பொதுக்கொள்கைப் படிப்பு. ஒரு சிக்கலைக் கண்டும் அரசு வாளாவிருந்தால் அதுவும் ஒரு கொள்கை முடிவே. அதையும் இப்படிப்பு ஆராயும்.

கொள்கை என்பது எப்போதும் ஏதேனும் ஒரு பொருளைப் பற்றியதாகவே இருக்கும். நீரைப் பற்றிய கொள்கைக்கு நிலவியல் வேண்டும். மருந்தைப் பற்றிய கொள்கைக்கு வேதியியல் வேண்டும். அந்தப் பொருளறிவை முதன்மைப்பாடம் தரும். அதனை அரசோடும் மக்களோடும் பொருத்திப் பார்க்கும் பயிற்சியைத் துணைப்பாடம் தரும். இளநிலை வகுப்பில் பொதுக்கொள்கை முதன்மைப்பாடமாக இருப்பதைவிடத் துணைப்பாடமாக இருப்பதே பொருத்தம் என்று நான் கருதுவதற்குக் காரணம் இதுதான்.

உப்பின் கதைக்கு வருவோம்.

உடலுக்கு அயோடின் மிகச் சிறிய அளவே தேவை. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 150 மைக்ரோகிராம் போதும். அதுவும் கிடைக்காதபோது தைராய்டு சுரப்பி வீங்கி, முன்கழுத்துக் கழலை உண்டாகிறது. கழலை கண்ணுக்குத் தெரியும் கேடு. தெரியாத கேடு அதனினும் கொடிது. கருவுற்ற தாய்க்கு அயோடின் குறைந்தால் வயிற்றிலுள்ள குழந்தையின் மூளை வளர்ச்சி குன்றும். பிறந்தபின் அதனை மீட்பது அரிது. மழையும் வெள்ளமும் மண்ணிலுள்ள அயோடினை அடித்துச் சென்றுவிட்ட இமயமலை அடிவாரத்தில் இந்தக் குறைபாடு பரவலாக இருந்தது.

இன்றைய இமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த காங்ரா பள்ளத்தாக்கில், மருத்துவ அறிஞர் வி. இராமலிங்கசாமியும் அவர்தம் குழுவினரும் 1956ஆம் ஆண்டு ஓர் ஆய்வைத் தொடங்கினர். பள்ளத்தாக்கு மூன்று பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. ஒரு பகுதிக்குப் பொட்டாசியம் அயோடைடு கலந்த உப்பும், மற்றொரு பகுதிக்குப் பொட்டாசியம் அயோடேட் கலந்த உப்பும், எஞ்சிய பகுதிக்கு வழக்கமான உப்பும் வழங்கப்பட்டன. சில ஆண்டுகளில் முதலிரு பகுதிகளிலும் கழலை நோய் தெளிவாகக் குறைந்தது. மூன்றாம் பகுதியில் அத்தகைய மாற்றம் இல்லை. பின்னர் அப்பகுதிக்கும் அயோடின் கலந்த உப்பு வழங்கப்பட்டது.

புள்ளியியல் மாணவர் இவ்வாய்வின் வலிமையை உடனே உணர்வார். ஒப்பிட ஒரு பகுதி இருந்ததால்தான், கழலை குறைந்ததற்கு உப்பே காரணம் என்று சொல்ல முடிந்தது. மெய்யியல் மாணவர் வேறொன்று கேட்பார்: பயன் தரும் என்று நம்பப்படும் ஒன்றை ஒரு பகுதி மக்களுக்கு மட்டும் சில ஆண்டுகள் வழங்காதிருப்பது அறமா? இரண்டு கேள்விகளும் ஒரே வகுப்பறையில் எழுந்து மோதிக்கொள்வது இத்துணைப்பாடத்தின் சுவைகளுள் ஒன்று. வேதியியல் மாணவருக்கும் இங்கு வேலை உண்டு. வெப்பமும் ஈரமும் மிகுந்த நம் நாட்டில் அயோடைடு விரைவில் சிதையும். அயோடேட் நிலைத்து நிற்கும். அதனால்தான் நம் உப்பில் அயோடேட் சேர்க்கப்படுகிறது.

1962இல் தேசியக் கழலைநோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கப்பட்டது. தொடக்கத்தில் நோய் மிகுந்த பகுதிகளுக்கு மட்டுமே அயோடின் உப்பு அனுப்பப்பட்டது. குறைபாடு மலையடிவாரத்தோடு நிற்கவில்லை என்பது பின்னாளைய ஆய்வுகளில் புலப்படவே, உண்ணும் உப்பு அனைத்திலும் அயோடின் சேர்ப்பதென 1980களில் முடிவு செய்யப்பட்டது. அறிவியல் உண்மை ஒன்று நாடு தழுவிய கொள்கையாக மாற இத்தனை ஆண்டுகள் ஆயின.

இதன் பிறகுதான் கதை சிக்கலாகிறது. அயோடின் கலவாத உப்பை உணவுக்காக விற்பதற்கு மைய அரசு 1998இல் தடை விதித்தது. 2000இல் அத்தடையை அதுவே நீக்கியது. 2006இல் மீண்டும் தடை வந்தது. ஆய்வின் முடிவு மாறவில்லை. ஆணை மட்டும் ஏன் இப்படி மாறியது? எதை உண்பது என்பதை மக்களின் விருப்பத்துக்கே விடவேண்டும் என்றனர் ஒரு சாரார். கலவை இயந்திரமும் பொட்டலமிடும் வசதியும் இல்லாத சிறிய உப்பள உரிமையாளர்களின் பிழைப்பு என்னாகும் என்று கேட்டனர் மற்றொரு சாரார். உப்பின்மீது அரசு கைவைத்தால் நம் நாட்டில் பழைய நினைவுகள் எழுவது இயல்புதானே! 1930இல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை நடந்து சென்று உப்பெடுத்தவர்களின் நாடு இது. அந்த நினைவை முன்வைத்தும் தடை எதிர்க்கப்பட்டது. மறுபுறம், பிறக்கவிருக்கும் குழந்தை தனக்கு எந்த உப்பு வேண்டுமெனக் கேட்க முடியாது என்று மருத்துவர்கள் வாதிட்டனர். அவர்களின் வாதமே எனக்கு வலிதாகத் தோன்றுகிறது. எனினும் உப்பள உரிமையாளரின் கேள்விக்கு விடை சொல்லாத கொள்கை நெடுநாள் நிலைக்காது.

2011 ஜூலையில் உச்ச நீதிமன்றம் இவ்வழக்கில் தீர்ப்பளித்தது. தடை விதிக்கப்பட்டது உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தின் கீழ். அயோடின் கலவாத உப்பு கலப்படப் பொருளன்று. ஆகவே அச்சட்டத்தின் கீழ் இத்தகைய விதி இயற்ற அரசுக்கு அதிகாரமில்லை என்றது நீதிமன்றம். ஆயினும் மக்கள் நலனை எண்ணி, மாற்று ஏற்பாட்டுக்காக அவ்விதி ஆறு மாதம் தொடர இசைந்தது. இப்போது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழான ஒழுங்குமுறை அத்தடையைத் தாங்கி நிற்கிறது. நோக்கம் நல்லதாயினும் அதற்குத் தெரிந்தெடுத்த கருவி பிழைபட்டால் கொள்கை வழக்காடு மன்றத்தில் தடுமாறும் என்பதைச் சட்டம் பயிலும் மாணவர் இங்குக் காண்பார்.

சட்டம் நிலைபெற்றபின் உப்பு வீடுகளைச் சென்றடைந்ததா? இந்திய அயோடின் அளவாய்வு 2018-19இல் நடைபெற்றது. நாடு முழுவதும் 76.3 விழுக்காட்டு வீடுகளில் போதிய அளவு அயோடின் உள்ள உப்பு இருந்தது. தமிழ்நாட்டில் அது 61.9 விழுக்காடு, மாநிலங்களுள் மிகக் குறைவு. தூத்துக்குடியிலும் வேதாரண்யத்திலும் உப்பு விளையும் மாநிலத்தின் நிலை இது. மருத்துவ வசதியிலும் பள்ளிக் கல்வியிலும் முன்னிற்கும் மாநிலம் உப்பில் பின்தங்குவானேன்?

விடை நம் வீட்டு அடுப்படியில் இருக்கிறது. நம்மவர் கல்லுப்பை விரும்புகின்றனர். குழம்புக்கும் ஊறுகாய்க்கும் அதுவே ஏற்றது என்பது பாட்டிமார் கைப்பழக்கம். கல்லுப்பின்மீது தெளிக்கப்படும் அயோடின் எல்லாக் கல்லிலும் சீராகப் படிவதில்லை. ஈரம் கோத்து நிற்கும் திறந்த சாடியில் அது மேலும் குறையும். ஆலையில் 10 லட்சத்துக்கு 30 பங்கும், வாங்குவோர் கையில் 15 பங்கும் இருக்கவேண்டும் என்பது விதி. ஆலைக்கும் அடுப்புக்கும் இடையே பாதி அளவு இழப்பை அரசே எதிர்பார்த்திருக்கிறது என்பதைக் கவனியுங்கள். சாடியை மூடி வைத்தாலே ஓரளவு பயன் கிட்டும். ஆனால் அதை அறிவிக்கையால் செய்துவிட முடியாது; வீட்டில் சமைப்பவரிடம் சென்று பேசவேண்டும்.

இங்குதான் தமிழ் பயிலும் மாணவருக்கு இடமிருக்கிறது. ‘உப்பில் இரசாயனம் சேர்க்கிறார்கள்’ என்று அஞ்சும் ஒருவருக்கு எச்சொற்களால் விளக்குவது? எழுத்தறியாதோர்க்காகப் பொட்டலத்தின்மேல் அச்சிடப்படும் சிரிக்கும் சூரியனின் பொருளை எத்தனை பேர் அறிவர்? அரசாணையின் தமிழ் அதற்குரியவருக்கு விளங்காவிட்டால் அது கோப்பிலேயே தங்கிவிடும். விண்ணப்பப் படிவத்தின் ஒரு கடினமான சொல்லால் உதவித்தொகையை இழந்தவர் எல்லா ஊர்களிலும் உண்டு. மொழிநடையைப் பொதுக்கொள்கையின் ஒரு பகுதியாகக் கற்பிக்கும் துறைகள் மிகச் சிலவே. கற்பிக்கவேண்டும் என்பது என் விருப்பம்.

பொதுக்கொள்கை எல்லாக் கல்லூரிகளிலும் அதே பெயரில் கிடைப்பதில்லை. அரசியல் அறிவியல், பொது நிருவாகம், பொருளியல் ஆகிய துறைகளின் தாள்களுக்குள் அது அடங்கியிருப்பதும் உண்டு. பல்கலைக்கழக மானியக்குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்டச் சட்டகம், மூன்றாண்டுப் பட்டத்துக்குரிய 120 கிரெடிட்டுகளுள் 24 கிரெடிட்டுகளைத் துணைப்பாடத்துக்கு ஒதுக்குகிறது. அதாவது, படிப்பின் ஐந்திலொரு பங்கு. ஆதலின் சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள். புள்ளியியல் தாளும் கள ஆய்வும் இடம்பெற்றுள்ளனவா என்று பாருங்கள். கோட்பாடுகளையும் அறிஞர் பெயர்களையும் மட்டும் அடுக்கும் பாடத்திட்டமாயின் வேறு துணைப்பாடத்தை நாடுவதே மேல். வேலைவாய்ப்புக்கு இத்துணைப்பாடம் மட்டும் போதாது. முதன்மைப்பாடத்தில் பெற்ற திறனோடு சேரும்போதுதான் இதற்கு மதிப்பு.

தெரிந்து தெளிவோம்

தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இதன்படி குடிமக்கள் எவரும் அரசு அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்து ஆவணங்களின் படியைக் கேட்டுப் பெறலாம். பொதுவாக 30 நாள்களுக்குள் விடையளிக்கப்பட வேண்டும். பொதுக்கொள்கை பயிலும் மாணவர்க்கு இச்சட்டம் சிறந்த ஆய்வுக்கருவி.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தெருவில் பத்து வீடுகளுக்குச் சென்று, எவ்வகை உப்பு பயன்படுத்துகின்றனர், அதனை எவ்வாறு சேமித்து வைக்கின்றனர், ஏன் அதனைத் தேர்ந்தெடுத்தனர் என்பவற்றைக் கேட்டு அட்டவணைப்படுத்துக. விடையளித்தோரின் சொற்களை அவர்கள் சொன்னவாறே எழுதுக.

2. அரசு அலுவலகப் படிவம் ஒன்றைப் பெற்று, அதில் உங்கள் வீட்டு முதியோர்க்கு விளங்காத சொற்களைத் தொகுத்து, அவற்றுக்கு எளிய மாற்றுச் சொற்களைத் தந்து வகுப்பறையில் கலந்துரையாடுக.