இணையக் கடையில் பி.டி.எஃப். விலைப்பட்டியல்: நாங்கள் கற்ற பாடம்



காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டி வலை, கயிறு, மிதவை மொத்த வியாபாரம் செய்துவரும் நாங்கள், சில ஆண்டுகளுக்கு முன் பிள்ளைகள் சொல்கேட்டு இணையக் கடை ஒன்றும் தொடங்கினோம். அதில் பி.டி.எஃப். கோப்புகளை வைத்ததால் கண்ட நன்மையும் பட்ட நஷ்டமும் மற்ற வணிகர்களுக்கும் பயன்படும் என்பதால் எழுதுகிறோம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் என்பது தாங்கள் அறிந்ததே. படகுகள் கரையில் நிற்கும் அந்நாட்களில்தான் பழைய வலையைப் பழுது பார்ப்பதும் புதிய வலை வாங்குவதும் நடக்கும். அப்படி ஒரு சீசனில் கடலூர்ப் பக்கத்து வியாபாரி ஒருவர் எங்கள் விலைப்பட்டியலை அச்செடுத்துக்கொண்டு வந்தார். "உங்கள் கடைப் பெயர் போட்ட பட்டியல்தானே ஐயா, இந்த விலைக்குத்தான் வேண்டும்" என்றார். பார்த்தால் இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய விலை. நாணயம் பெரிதென்று அதே விலைக்குச் சரக்கைக் கட்டிக் கொடுத்தோம். லாபம் போனதுடன் கைமுதலிலும் கொஞ்சம் போயிற்று.

அந்தப் பட்டியலை எடுத்துவிட்டோம் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். உண்மையில் எங்கள் பக்கத்திலிருந்த இணைப்பை மட்டுமே எடுத்திருந்தோம். கோப்பு அப்படியே இருந்தது. வந்தவர் கூகுளில் தேட, நேராக அது கிடைத்துவிட்டது. பெயர்ப்பலகையைக் கழற்றிவிட்டால் கடை காலியாகிவிடுமா?

பி.டி.எஃப். முறையை அடோபி நிறுவனம் 1993ஆம் ஆண்டு வெளியிட்டது. எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும், எந்த இயந்திரத்தில் அச்சிட்டாலும் பக்கம் ஒரே மாதிரி இருக்கவேண்டும் என்பதே அதன் நோக்கம். 2001 முதல் கூகுள் இக்கோப்புகளையும் படித்துத் தேடலில் காட்டி வருகிறது. ஆகவே நாம் வைக்கும் ஒவ்வொரு பி.டி.எஃப்.பும் நம் கடைக்கு ஒரு வாசல். நல்ல சரக்கு இருந்தால் வாடிக்கையாளர் அவ்வழியே வருவார். பழைய விலை இருந்தால் அதுவும் அவ்வழியே வெளியே போகும்.

நாங்கள் இப்போது கடைப்பிடிக்கும் முறைகள் வருமாறு:

1. விலையைப் பி.டி.எஃப்.பில் போடுவதில்லை. விலை பொருளின் பக்கத்திலேயே இருக்கும். ஏறினால் இறங்கினால் உடனே மாற்றலாம். பட்டியல் கட்டாயம் வேண்டுமென்றால் 'இத்தேதி வரை செல்லும்' என ஒவ்வொரு பக்கத்திலும் அச்சிடவேண்டும். புதுப் பட்டியலைப் பழைய கோப்பின் அதே இணைய முகவரியில் ஏற்றினால் பழையது அழிந்து புதியது நிற்கும். வேண்டாத கோப்பை அடியோடு நீக்கிவிட்டு, கூகுளின் சர்ச் கன்சோல் மூலம் தேடலிலிருந்தும் எடுக்கச் சொல்லவேண்டும்.

2. காகிதத்தை ஸ்கேன் செய்து ஏற்றுவது கூடியவரை வேண்டாம். அது எழுத்தல்ல, படம். படத்திலுள்ள எழுத்தைக் கூகுள் ஓரளவு படிக்கும். தெளிவில்லாவிட்டால் தப்பாகப் படிக்கும். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய கோப்பைப் படிக்கவே படிக்காது.

3. தமிழில் தயாரிப்போர் எழுத்துருவைக் கவனிக்கவேண்டும். பழைய எழுத்துருக்களில் பல, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. நம் கண்ணுக்கு 'நண்டு வலை' என்று தெரியும். தேடும் இயந்திரத்துக்கு வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். யுனிகோடு எழுத்தில் அடிப்பதே சரி. சோதிக்க எளிய வழி உண்டு: கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள். தமிழாக வந்தால் நல்லது. யுனிகோடிலும் சில சமயம் கொம்பும் காலும் இடம் மாறி வரும். எனவே பொருளின் தமிழ்ப் பெயரை இணையப் பக்கத்திலும் தட்டச்சு செய்து வைப்பது பாதுகாப்பு.

4. கோப்புக்குத் தலைப்புக் கொடுக்கவேண்டும். 'ஸ்கேன் 003' என்று விட்டால் யார் தேடுவார்? கோப்பின் உட்குறிப்பிலும், அதற்கு நாம் கொடுக்கும் இணைப்பின் சொற்களிலும் பொருளின் பெயர் இருக்கவேண்டும்.

5. தொழிற்சாலை கொடுத்த பட்டியலை அப்படியே ஏற்றினால் பயன் குறைவு. அதையே பத்துப் பேர் ஏற்றியிருப்பார்கள். தேடலில் பெரும்பாலும் ஒன்றுதான் முன்னே வரும்.

6. பி.டி.எஃப்.பில் வாங்கும் பொத்தான் கிடையாது. கைபேசியில் படிப்பதும் சிரமம். ஆகவே ஒவ்வொரு பக்கத்திலும் கடைப் பெயரும், அந்தந்தப் பொருளின் பக்கத்துக்கு இணைப்பும் இருக்கட்டும்.

அப்படியானால் அதில் எதைத்தான் வைப்பது? அடிக்கடி மாறாததை வைக்கலாம். எந்த மீனுக்கு எந்தக் கண்ணி அளவு, நூலின் கனம், கயிற்றுச் சுருளின் எடை, வலையை வெயிலில் போட்டுக் கெடாமல் காப்பது எப்படி என நாங்கள் இரண்டு பக்கக் குறிப்பு ஒன்று தயாரித்தோம். படகில் போகிறவர்கள் வாயில் வழங்கும் சொற்களையே போட்டோம். அதைப் படித்துவிட்டுப் பழவேற்காட்டிலிருந்து சிலர் விசாரித்தார்கள், வாங்கவும் செய்தார்கள். நாற்பது பக்க விலைப்பட்டியல் செய்யாததை அந்த இரண்டு பக்கம் செய்தது.

எண்ணூரில் இரும்புச் சாமான் விற்பவருக்கும், இராயபுரத்தில் என்ஜின் உதிரிபாகம் விற்பவருக்கும் இது பொருந்தும். கடை மூடும்முன் கல்லாவைச் சரிபார்க்கிறோம் அல்லவா? அதேபோல இன்றைக்கே உங்கள் கடைப் பெயரையும் 'விலைப்பட்டியல்' என்ற சொல்லையும் சேர்த்துக் கூகுளில் தேடிப் பாருங்கள். எந்த ஆண்டு விலை வெளியே உலவுகிறது என்பது தெரிந்துவிடும்.