எல்லை கடந்த கைப்பணி: கெபாயா தரும் பாடம்

ஒரு கைப்பணி யாருக்குச் சொந்தம்? துணியில் பூவேலை செய்வதும் புல்லில் பாய் இழைப்பதும் இன்றைய நாட்டெல்லைகள் வரையப்படுவதற்கு முன்பே பிறந்தவை. வணிகக் கப்பல்களோடும் திருமண உறவுகளோடும் அவை கரை விட்டுக் கரை சென்றன. பின்னர் தனித்தனி நாடுகள் உருவானபோது, ஒரே கைப்பணிக்குப் பல நாடுகள் உரிமை கோரும் நிலை ஏற்பட்டது. அதற்காகச் சண்டையிடுவதா, சேர்ந்து பேணுவதா என்ற கேள்விக்குத் தென்கிழக்காசியப் பெண்களின் மேலாடையான கெபாயா அண்மையில் ஒரு விடையைத் தந்துள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கெபாயா என்றால் என்ன?

கெபாயா முன்புறம் திறந்த, நீண்ட கையுடைய மேலாடை. பெரும்பாலும் பத்திக் சாரத்துடன் அணியப்படுகிறது. இதன் பல வகைகளுக்குப் பொத்தான் வைப்பதில்லை. கெரோங்சாங் எனப்படும் மூன்று அணியூசிகளால் முன்புறத்தைப் பூட்டுவர். அவற்றுள் பெரியதை 'தாய்' என்றும் ஏனைய இரண்டையும் 'பிள்ளைகள்' என்றும் மலாய் மொழியில் அழைப்பது சுவையான செய்தி.

இதன் அழகு பூவேலையில் இருக்கிறது. மெல்லிய துணியில் முதலில் பூவின் வெளிக்கோட்டைத் தைக்கின்றனர். பின்பு கோட்டுக்குள் இருக்கும் துணியை நுண்ணிய கத்தரிக்கோலால் வெட்டி நீக்கி, அந்தத் துளைக்குள் நூலை வலைபோல ஓடவிடுகின்றனர். கால்மிதித் தையல் இயந்திரத்தில், துணியைக் கையால் நகர்த்தியபடியே இதனைச் செய்வர். ஒரு கணம் கை தவறினால் துணி கிழிந்துவிடும். எனவே இதனைப் புத்தகத்தைப் பார்த்து மட்டும் கற்றுவிட முடியாது. தெரிந்தவரின் அருகில் இருந்தே பழக வேண்டும்.

மலாயர், ஜாவானியர், பெரனாக்கான் சீனர் எனப் பல சமூகத்தவர் இதனைத் தத்தமக்கேற்ப மாற்றி அணிகின்றனர். மலாய் முஸ்லிம் பெண்களிடையே முழங்காலளவு நீண்ட 'கெபாயா லாபோ' வழக்கிலுண்டு. தமிழ் வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிச் சமூகப் பெண்களும் கெபாயா அணிகின்றனர்.

சர்ச்சையும் சமாதானமும்

இந்தோனேசியாவும் மலேசியாவும் மொழியாலும் மரபாலும் நெருங்கியவை. ஆயினும் 2007 முதல் 2009 வரையான காலத்தில் ஒரு நாட்டார் பாடல், ஒரு நடனம், பத்திக் துணி ஆகியன யாருக்குச் சொந்தம் என்ற சர்ச்சை இவ்விரு நாட்டு மக்களிடையே கசப்பை வளர்த்தது. 2009இல் இந்தோனேசியப் பத்திக் யுனெஸ்கோவின் பட்டியலில் இடம்பெற்றது.

பின்னர் அணுகுமுறை மாறியது. 2020இல் 'பந்தூன்' என்னும் நான்கடிக் கவிதை மரபை இவ்விரு நாடுகளும் இணைந்தே யுனெஸ்கோவில் பதிவு செய்தன. 2022இல் கெபாயாவைக் கூட்டாக முன்வைக்கும் யோசனையை மலேசியா கொண்டுவந்தது. புரூணை, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகியன இணைந்தன. தனியாக விண்ணப்பிக்க வேண்டும் என்ற குரல்கள் இந்தோனேசியாவில் எழுந்திருந்த போதிலும், இறுதியில் அந்நாடும் சேர்ந்துகொண்டது. 2024 டிசம்பரில் ஐந்து நாடுகளின் பெயராலும் கெபாயா பட்டியலில் சேர்க்கப்பட்டது.

இங்கு ஓர் உண்மையைக் கவனிக்க வேண்டும். தொட்டுணர முடியாத கலாசார மரபுரிமையைப் பாதுகாக்கும் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கையின்கீழ் ஒன்றைப் பட்டியலிடுவது, அது எங்கே தோன்றியது என்பதற்கான தீர்ப்பன்று. உரிமைப் பத்திரமும் அன்று. அம்மரபு வாழ்கிறது, அதனைப் பேணுவோம் என்ற பொறுப்பேற்பே அது. இதனை உணர்ந்தால் சண்டைக்கான காரணத்தின் பெரும்பகுதி மறைந்துவிடும்.

கூட்டுறவு எவ்வாறு உருவாகிறது?

இத்தகைய விண்ணப்பத்தை அதிகாரிகள் மட்டும் எழுதி அனுப்ப முடியாது. அக்கலையைச் செய்யும் சமூகத்தவர் பங்குபற்ற வேண்டும்; விபரமறிந்து, முன்கூட்டியே சம்மதம் தர வேண்டும். தைப்பவரும் அணிபவரும் கற்பிப்பவரும் தங்கள் குரலைப் பதிவு செய்தாக வேண்டும். பல நாடுகள் சேரும்போது எல்லோரும் ஏற்கும் ஒரே விவரணத்தையும் எழுத வேண்டும். அதில் பொதுமையும் இருக்க வேண்டும். ஒவ்வோர் ஊரின் வேறுபாடும் மறைந்துவிடக் கூடாது. 'உங்களுடையது எங்களதன் நகல்' என்று கூறுபவர் இருக்கும் மேசையில் இப்பணி நடவாது.

மனிதர்கள் பல கிளையினராக ஆக்கப்பட்டது ஒருவரையொருவர் அறிந்துகொள்வதற்கே என்று நமது மார்க்கம் போதிக்கின்றது. அந்த அறிதலுக்கு ஒரு நூலும் ஊசியும்கூட வழியாகலாம்.

நமக்குள்ள தொடர்பு

கெபாயா நமக்கு அந்நியமானதன்று. ஒல்லாந்தர் காலத்தில் இந்தோனேசியத் தீவுகளிலிருந்து படைவீரராகவும் நாடுகடத்தப்பட்டோராகவும் இங்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களே இலங்கை மலாயர். கொழும்பிலும் ஹம்பாந்தோட்டையிலும் வாழும் அக்குடும்பங்களின் பழைய அலுமாரிகளில் சாரமும் கெபாயாவும் இன்னும் மடித்து வைக்கப்பட்டிருக்கலாம். அவற்றை அணிந்தவர் யார், தைத்தவர் யார் என்று கேட்பதற்கு இன்றும் ஆளிருக்கிறது. நாளை இருக்குமா?

இதே கேள்வி கிழக்கிலங்கையின் பன்பாய்க்கும் உரியது. நமது முஸ்லிம் கிராமத்துப் பெண்கள் பன்புல்லைக் காயவைத்து, சாயமிட்டு, தறியின்றிக் கையாலேயே பாய் இழைக்கின்றனர். கடலுக்கப்பால் திருநெல்வேலி மாவட்டத்துப் பத்தமடையிலும் தமிழ் பேசும் முஸ்லிம் பெண்களே கோரைப்புல்லையும் பருத்தி நூலையும் கொண்டு தறியில் பாய் நெய்கின்றனர். மொழியும் மார்க்கமும் ஒன்று; புல்லும் முறையும் வேறு. இவ்விரு சாராரும் ஒருவர் பாயை மற்றவர் தொட்டுப் பார்த்தால் பேசுவதற்கு எவ்வளவோ இருக்கும்.

நாம் செய்யக்கூடியவை

பெரிய விண்ணப்பங்கள் அரசுகளின் வேலை. அதற்கு அடிப்படையான வேலை வீட்டிலேயே தொடங்குகிறது. மாணவிகள் தம் உம்மம்மா, வாப்பும்மா, அயலிலுள்ள மூத்த பெண்கள் ஆகியோர் அறிந்த ஒரு கைவேலையைத் தெரிவு செய்து, அதன் பொருட்கள், படிமுறை, கலைச்சொற்கள் ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதலாம். ஒவ்வோர் ஊரிலும் வழங்கும் சொற்களை அப்படியே எழுத வேண்டும். சொல் மறைந்தால் செய்முறையும் மறையும்.

அடுத்து, வேறொரு மாவட்டத்திலோ நாட்டிலோ உள்ள பாடசாலையுடன் ஆசிரியர்கள் மூலம் தொடர்பு கொண்டு ஒரு சிறு முயற்சியைத் தொடங்கலாம். இரு பக்கத்தினரும் ஒரே அளவான துணித்துண்டில் தத்தம் ஊர்ப் பூவேலையைத் தைத்து, செய்முறையை விளக்கும் கடிதத்துடன் பரிமாறிக்கொள்ளலாம். பின்பு மற்றவரின் தையலை நாம் செய்து பார்க்க வேண்டும். அப்போதுதான் அவர்களின் உழைப்பு நம் விரல்களுக்குப் புரியும்.

மூன்று ஒழுங்குகளை மறக்கலாகாது. கற்பித்தவரின் பெயரை அவர் விருப்பப்படி குறிப்பிட வேண்டும். அவர் அனுமதியின்றிப் படமெடுத்துப் பரப்பக் கூடாது. செய்த பொருளை விற்றால் அவருக்குரிய பங்கு சேர வேண்டும். அமானிதத்தைப் பேணுவது கைப்பணிக்கும் பொருந்தும்.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். தையலும் பாய் இழைத்தலும் படிப்பு வராதவர்களுக்குரியவை என்ற எண்ணத்தைக் கைவிடுங்கள். வெட்டிய துளைக்குள் நூல் ஓட்டுபவரிடம் கணிதமும் பொறுமையும் உண்டு. விடுமுறையில் ஒரு பிற்பகலையேனும் பிள்ளைகள் மூத்தவர்களின் அருகில் அமர்ந்து கற்பதற்கு ஒதுக்கிக் கொடுங்கள். நம்மிடம் ஒரு கைவேலை உயிரோடு இருந்தால்தான் அயலவருடன் பகிர்ந்துகொள்ள நம்மிடம் ஏதேனும் இருக்கும்.