பெட்டகத்தில் உறங்கும் வெள்ளிச் சக்கரம்

திருவனந்தபுரத்தில் எங்கள் கிளைக்கு வந்த மூத்த வாடிக்கையாளர் ஒருவர், பாதுகாப்புப் பெட்டகத்திலிருந்து எடுத்த சுருக்குப்பையை என் மேசைமீது கவிழ்த்தார். சட்டைப் பொத்தானைவிடச் சிறிய வெள்ளிக் காசுகள் உருண்டன. பாதி கறுத்திருந்தன; பாதி பளபளத்தன. “மாமியார் கொடுத்தவை சார். புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருக்கிறேன். மீதியையும் தேய்த்து எடைக்குப் போட்டால் என்ன கிடைக்கும்?” என்று கேட்டார். அவருக்கு நான் கூறிய விடையே இக்கட்டுரை.

அவை திருவிதாங்கூர் அரசின் வெள்ளிச் சக்கரங்கள். 16 காசு ஒரு சக்கரம். 4 சக்கரம் ஒரு பணம். 7 பணம் ஒரு சர்க்கார் ரூபாய். பிரிட்டிஷ் இந்திய ரூபாய்க்கு 28 சக்கரமும் 8 காசும் கொடுக்க வேண்டும். ஒரு சக்கரத்தின் எடை அரை கிராமுக்கும் குறைவு. விரலால் எண்ணுவது கடினமாதலால், வரிசையாகக் குழிகள் வெட்டிய சக்கரப் பலகையில் காசுகளைக் கொட்டி அசைப்பார்கள். குழிக்கு ஒன்றாகக் காசுகள் அமர்ந்ததும் மிகுதியை வழித்துவிட்டால் கணக்கு முடிந்தது. அக்காலக் கருவூலத்தின் எண்ணும் இயந்திரம் அதுவே.

பிற்காலத்தில் சக்கரம் செம்பிலும் அடிக்கப்பட்டது. பணம், கால் ரூபாய், அரை ரூபாய் ஆகியவை வெள்ளியில் வந்தன. திருவிதாங்கூரின் சின்னமான சங்கு இந்நாணயங்களை எளிதில் அடையாளம் காட்டும். பலவற்றில் கொல்லம் ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கும். அதனுடன் 824 அல்லது 825ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். 1112 என்றிருந்தால் அது 1936–37. ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியான ஆண்டு அது. 1949 ஜூலை 1 அன்று திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபின் சக்கரம் வழக்கொழிந்தது. 1956 வரை கன்னியாகுமரிப் பகுதியும் முதலில் திருவிதாங்கூர், பின்னர் திருவிதாங்கூர்-கொச்சி எல்லைக்குள் இருந்ததால், நாகர்கோவில் வீடுகளிலும் இவை கிடைக்கக்கூடும்.

இனி மதிப்புக்கு வருவோம். வெள்ளியின் எடைக்குரிய விலை, எந்த நாணயத்துக்கும் கீழ்வரம்பு மட்டுமே. அதற்கு மேலுள்ள மதிப்பை அருமை, தேய்வின்மை, உண்மைத்தன்மை, வந்த வழி ஆகிய நான்கும் தீர்மானிக்கின்றன. அமெரிக்காவின் பிலடெல்பியா நாணயசாலையில் 1794இல் அடிக்கப்பட்ட வெள்ளி டாலர் ஒன்று, 2013இல் ஒரு கோடி டாலருக்கும் மேல் ஏலம் போனது. அதிலிருந்த வெள்ளி ஓர் அவுன்சுக்கும் குறைவே. அந்த ஆண்டின் டாலர்கள் இரண்டாயிரத்துக்கும் குறைவாகவே வெளிவந்தன. அவற்றுள் அது சற்றும் தேயாமல் எஞ்சியது. நம் சக்கரத்துக்கு அவ்விலை வாராது. ஆயினும் விதி ஒன்றே.

ஆகவே, முதல் பாடம்: தேய்க்காதீர்கள். காற்றிலுள்ள கந்தகச் சேர்மங்களால் வெள்ளியின்மேல் படரும் கருமை பெரும்பாலும் கேடு செய்வதில்லை. புளியும் சாம்பலும் கருமையோடு நுண்ணிய எழுத்தையும் அரித்துவிடும். நாணயத்தை விளிம்பில் பிடியுங்கள். அமிலமற்ற காகித உறையில் தனித்தனியே இடுங்கள். ரப்பர் வளையம் போடாதீர்கள். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்பதை உறைமேல் எழுதிவையுங்கள்.

இரண்டாவது, சட்டம். நிலத்தில் புதைந்து கிடைக்கும், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையலை 1878ஆம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறாண்டு கடந்த நாணயங்களைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தடுக்கிறது.

மூன்றாவது, எச்சரிக்கை. “உங்கள் பழைய நாணயத்தை ரிசர்வ் வங்கி இலட்சங்களுக்கு வாங்குகிறது, முதலில் கட்டணம் செலுத்துங்கள்” என்று எவரேனும் அழைத்தால் அது மோசடி. இத்தகைய வாணிபத்தில் தான் ஈடுபடுவதில்லை என்றும், கட்டணமோ தரகோ கேட்பதில்லை என்றும் ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் அறிவித்துள்ளது. கணக்கு விவரமும் ஓ.டி.பி.யும் எவருக்கும் கூறற்க.

சேகரிக்க விழைவோர் முதலில் கண்களைப் பழக்க வேண்டும். நெடுமங்காட்டுக் கோயிக்கல் அரண்மனையில் மாநிலத் தொல்லியல் துறையின் நாணய அருங்காட்சியகம் உள்ளது. உண்மை நாணயங்களைப் பலமுறை கண்டவரைப் போலி எளிதில் ஏமாற்றாது.

அந்த அம்மையார் தேய்த்த காசுகளின் எழுத்து இனி மீளாது. எஞ்சியவற்றை ஒவ்வொன்றாக உறையிலிட்டோம். ஒவ்வோர் உறையிலும் அவர் தம் மாமியாரின் பெயரை எழுதி, மீண்டும் பெட்டகத்தில் வைத்தார்.