எண் கொடுத்தலும் திரும்பப் பெறுதலும்

மண்டல காலம் வந்துவிட்டால் குமுளிக் கடைத்தெருவில் கால் வைக்க இடம் இராது. கம்பம் வழியாக மலையேறி வரும் ஐயப்ப பக்தர்கள் இவ்வூரில் இறங்கி இளைப்பாறிச் செல்வர். அங்கே ஒரு விடுதியில் என் மாமா சாமான் அறையைப் பார்த்துவந்தார். சுவரில் ஒரு பலகை. பலகை நிறைய ஆணிகள். ஆணிக்கொரு பித்தளை டோக்கன். பை உள்ளே வந்தால் டோக்கன் வெளியே போகும். டோக்கன் திரும்பினால் பை வெளியே போகும். அவ்வளவுதான் தொழில்.

விடுமுறையில் அவருக்குத் துணையாக நின்ற நான் ஒருநாள் ஒரு பிழை செய்தேன். திரும்பி வந்த டோக்கனை முதலில் ஆணியில் மாட்டிவிட்டு, அதன்பின் பையை எடுக்கத் திரும்பினேன். அந்த இடைவெளியில் மாமா அதே டோக்கனை மற்றொரு சாமிக்குக் கொடுத்து, அவர் பையையும் அதே தட்டில் வைத்துவிட்டார். ஒரே எண், இரண்டு பைகள்! முதற்சாமி எடுத்துச் சென்றது இரண்டாம் சாமியின் பையை. பேருந்து நிலையம் வரை ஓடித்தான் மீட்டோம். மாமா கோபிக்கவில்லை. "டோக்கன் குடுக்கறது பெரிசில்ல மாப்ளே, திரும்ப வாங்கி மாட்டுறதுலதான் சூச்சுமமே இருக்கு" என்றார்.

கணிப்பொறியின் இயக்கமுறையைக் கற்கத் தொடங்கிய பின்னரே அவ்வுரையின் ஆழம் எனக்கு விளங்கிற்று. அதனை நண்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயக்கமுறையின் நடுநாயகமாக விளங்கும் பகுதியைக் கெர்னல் என்பர். அது ஓயாமல் எண் வழங்கிக்கொண்டே இருக்கிறது. ஒரு நிரல் ஒரு கோப்பைத் திறந்தால், கெர்னல் அதற்கு ஓர் எண் தருகிறது. அதன்பின் நிரல் கோப்பின் பெயரைச் சொல்வதில்லை. "3-இல் எழுது, 4-இலிருந்து படி" என்று எண்ணையே சொல்லும். யூனிக்ஸ் மரபில் இதற்கு ஒரு விதியும் உண்டு: புதிதாகத் திறக்கும் கோப்புக்கு, அப்போது காலியாக உள்ள எண்களில் மிகச் சிறியதையே தரவேண்டும்.

மிகச் சிறிய காலி எண்ணை எவ்வாறு விரைந்து கண்டுபிடிப்பது? எளிய வழி, எண்ணுக்கு ஒரு பிட் வைத்துக்கொள்வது. பிட் 1 என்றால் எண் கொடுக்கப்பட்டுவிட்டது; 0 என்றால் காலி. 64 பிட்டுகளை ஒரு தொகுதியாகக் கொண்டு, தொகுதி தொகுதியாகப் பார்த்துச் செல்லலாம். லினக்ஸ் கெர்னலில் ஒரு நிரல் திறக்கக்கூடிய கோப்புகளுக்கு வழக்கமான மேல் எல்லை 1,048,576. அத்தனையும் திறந்திருந்தால் பார்க்கவேண்டிய தொகுதிகள் 16,384. ஒவ்வொரு முறையும் இத்தனையையும் புரட்டுவது வீண் அன்றோ? ஆகவே, "இதற்குக் கீழே காலி எண் இல்லை" என்று ஒரு குறிப்பெண்ணையும் கெர்னல் வைத்திருந்தது. அதிலிருந்தே தேடலைத் தொடங்கும்.

ஆனால் அக்குறிப்பெண்ணை ஏமாற்றுவது எளிது. பல இலட்சம் கோப்புகளைத் திறந்துவைத்த ஒரு நிரல் 3-ஆம் எண்ணை மூடினால், குறிப்பெண் 3-க்கு இறங்கிவிடும். அடுத்துத் திறக்கும் கோப்பு அந்த 3-ஐப் பெறும். அதற்கடுத்த கோப்போ 4-இலிருந்து கடைசி வரை தேடவேண்டியதாகும்! 2015-இல் அல் வைரோ இக்குறையைச் சுட்டிக்காட்டினார். லினஸ் டோர்வால்ட்ஸ் அதற்குத் தீர்வு எழுதினார். 2016 ஜனவரியில் வெளிவந்த 4.4 பதிப்பில் அது இடம்பெற்றது.

தீர்வு இதுதான்: பிட்டுகளின் மேலே இரண்டாவது அடுக்கு ஒன்று. கீழே 64 எண்கள் கொண்ட ஒரு தொகுதி முழுவதும் நிறைந்துவிட்டால், மேலடுக்கில் அதற்குரிய ஒரு பிட்டை 1 ஆக்கு. சாமான் அறையில் ஒவ்வோர் அலமாரியின் தலையிலும் "நிறைந்தது" என்று எழுதிய சிலேட்டை மாட்டுவது போன்றது இது. சிலேட்டைக் கண்டால் அந்த அலமாரியைத் திறந்து பார்க்கவே வேண்டாம். 16,384 தொகுதிகளுக்கு மேலடுக்கில் 256 தொகுதிகளே போதும்.

இனி இத்தகைய நிரலை ஒருவர் நம்மிடம் தந்து, "சரிபார்த்துச் சொல்" என்றால் எங்கே தொடங்குவது? எண் கொடுக்கும் பகுதியிலிருந்துதான் பலரும் தொடங்குவர். விரைவும் அழகும் அங்கேதான் தெரியும். நான் எண்ணைத் திரும்பப் பெறும் பகுதியிலிருந்தே தொடங்குவேன். மூன்று கேள்விகளைக் கேட்பேன்.

முதற்கேள்வி: சிலேட்டு எப்போது கழற்றப்படுகிறது? லினக்ஸில் ஓர் எண் திரும்பியதும் கீழே அதன் பிட் 0 ஆகிறது. மேலே அத்தொகுதிக்குரிய பிட்டும் 0 ஆக்கப்படுகிறது. ஓர் எண் காலியான பின் அத்தொகுதி நிறைந்ததாக இருக்க முடியாதல்லவா? எனவே இது சரியே. ஆனால் எண் கொடுக்கும்போது, 64-உம் நிறைந்தனவா என்று பார்த்த பின்னரே மேலே 1 இடவேண்டும்.

இரண்டாம் கேள்வி: பையை எடுக்கும் முன்பே டோக்கன் ஆணிக்குச் சென்றுவிடுகிறதா? நான் செய்த பிழையே இது. லினக்ஸில் கோப்பை மூடும்போது, எண்ணுக்குரிய இடத்திலிருந்து கோப்பு முதலில் நீக்கப்படும்; அதன்பின்னரே எண் காலியாக அறிவிக்கப்படும். இரண்டும் ஒரே பூட்டின் காவலில் நடப்பதால், இடையே வேறொருவர் புகுந்து அந்த எண்ணைப் பெற இயலாது. அதே எண் இருமுறை திருப்பப்படாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். முதன்முறை திரும்பியதும் அது வேறொருவருக்குச் சென்றிருக்கலாம். இரண்டாம் முறை திருப்புவது அவருடைய எண்ணைப் பறிப்பதாகும்.

மூன்றாம் கேள்வி: இப்பலகையை யாரேனும் படியெடுக்கிறார்களா? இங்கேதான் பெரியோரும் இடறினர். ஒரு நிரல் தன் எண்களில் ஒரு பகுதியை மட்டும் தனக்கெனப் படியெடுத்துக்கொண்டு, மிச்சத்தை மூடிவிடும் வசதி 2020-இல் கெர்னலில் சேர்ந்தது. 0 முதல் 127 வரை எல்லாம் திறந்திருக்க, முதல் 64 எண்களை மட்டும் படியெடுப்பதாகக் கொள்வோம். கீழடுக்கில் ஒரு தொகுதி போதும். மேலடுக்கில் தேவை ஒரே ஒரு பிட். நிரலோ அந்த ஒரு பிட்டுக்காக முழுத் தொகுதியையும் படியெடுத்தது. அதனால் "64 முதல் 127 வரை நிறைந்தது" என்ற பழைய சிலேட்டும் கூடவே வந்துவிட்டது. அலமாரி வெறுமையாய்க் கிடக்க, அடுத்த கோப்புக்கு 64 தராமல் 128 தந்தது கெர்னல்! மிகச் சிறிய எண் என்ற விதி உடைந்தது. அல் வைரோ 2024-இல் இப்பிழையைத் திருத்தினார்.

இப்பிழையின் இயல்பை நோக்குங்கள். 2015-இல் எழுதிய வரிகள் அன்றைய வழக்கத்துக்குப் பொருந்தியே இருந்தன. அன்று படியெடுத்த எல்லைக்கு அப்பால் திறந்த எண் எதுவும் இராது. புதிய வசதி வந்தபோது அந்த நம்பிக்கை பொய்த்தது. அந்த நம்பிக்கை நிரலில் எங்கும் எழுதிவைக்கப்படாததால், புதிய வசதியைச் சேர்த்தவர் அதனைக் காண வாய்ப்பில்லை.

ஆகவே நண்பர்களே, மேலடுக்கு என்பது கீழடுக்கின் நிழல். நிழல் விரைவைத் தரும். ஆனால் பொருள் நகரும் ஒவ்வோர் இடத்திலும் நிழலும் உடன் நகர்கிறதா என்று பார்ப்பது நம் கடன். கொடுக்குமிடம், வாங்குமிடம், படியெடுக்குமிடம் ஆகிய மூன்றையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் "சிலேட்டு மாறுகிறதா?" என்று கேளுங்கள். எண் வழங்கும் நிரல் எத்துணை விரைவாக ஓடினாலும், ஒரே எண்ணில் இரண்டு பைகளை வைத்துவிட்டால் அதனால் பயன் இல்லை. அப்போது பேருந்து நிலையம் வரை ஓடவேண்டியவர் நாமாகத்தான் இருப்போம்.