பாதிக் கணக்கு ஆகாது

பூம்புகார்த் துறைமுகத்தில் ஏற்றுமதி, இறக்குமதிப் பண்டங்களுக்குச் சோழரின் புலி முத்திரை பொறிக்கப்பட்டதைப் பட்டினப்பாலையில் படித்து நாம் பெருமை கொள்கிறோம். இன்று கணினிக் கணக்குக்கும் அத்தகைய முத்திரை ஒன்று உண்டு. அதனைக் 'கமிட்' என்பர். அதன் பயனை நம் ஊர் நெல்லைக் கொண்டே அறிவோம்.

நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நாம் ஒரு மென்பொருள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். ஒரு விவசாயி 40 கிலோ மூட்டைகள் 50 கொண்டுவருகிறார். கணினி இரண்டு வேலை செய்யவேண்டும். முதலாவது, இருப்பில் 2,000 கிலோவைக் கூட்டுதல். இரண்டாவது, அவர் பெயரில் தரவேண்டிய தொகையை எழுதுதல். முதல் வேலை முடிந்ததும் மின்சாரம் நின்றால் என்னவாகும்? நெல் கணக்கில் இருக்கும். உழைத்தவருக்குப் பணம் இராது!

ஆகவே, இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டுகின்றனர். இதுவே 'டிரான்ஸாக்ஷன்', அதாவது பரிவர்த்தனை. இரண்டும் நிறைவேறினால் கமிட். ஒன்று தவறினாலும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பும். இத்திரும்புதலுக்கு 'ரோல்பேக்' என்று பெயர். கமிட் ஆன கணக்கோ, பிறகு மின்சாரம் போனாலும் அழியாது. இத்துறையில் ஆய்வு செய்த ஜிம் கிரே 1998-ஆம் ஆண்டின் டூரிங் விருதைப் பெற்றார்.

'ஜாங்கோ' என்பது இணையச் செயலிகளை உருவாக்க உதவும் ஒரு சட்டகம். நாம் எதுவும் சொல்லாவிட்டால், அது ஒவ்வொரு கட்டளையையும் தனித்தனியே உடனுக்குடன் கமிட் செய்துவிடும். எனவே இரு வேலைகளையும் 'அட்டாமிக்' என்னும் கட்டுக்குள் எழுதவேண்டும். உள்ளே பிழை நேர்ந்து வெளியே வந்தால் ஜாங்கோ ரோல்பேக் செய்யும். பிழையைக் கட்டுக்குள்ளேயே மூடி மறைத்தால், எல்லாம் நலமென எண்ணி அரைகுறைக் கணக்குக்கும் முத்திரை இட்டுவிடக்கூடும்!

இன்னொன்று: விவசாயிக்கு அனுப்பும் குறுஞ்செய்தியை ரோல்பேக் திரும்பப் பெறாது. ஆதலால் 'ஆன் கமிட்' என்னும் வசதியால், கமிட் ஆனபின்பே அதனை அனுப்பவேண்டும்.

கட்டைக் காப்பது கணினியின் வேலை. எவையெவை சேர்ந்தே நடக்கவேண்டும் என்று தீர்மானிப்பது மனிதரின் வேலை. நெல்லுக்குப் பின்னே உள்ள வியர்வையை அறிந்த டெல்டாப் பெண்களாகிய நாம் அதனை நன்றாகவே செய்வோம்!